பனிக்களம் – 17: பாஸ்டனை இழந்த கோப்பை

1983ஆம் ஆண்டுக் கோடை. ஐஸ் ஹாக்கியைப் பற்றி யாரும் நினைக்காத பருவம். அப்போதுதான் அமெரிக்காவின் வடகிழக்கில் ஐந்து கல்லூரிகள் தங்கள் லீக்கை விட்டு விலகப்போவதாக அறிவித்தன: பாஸ்டன் பல்கலைக்கழகம், பாஸ்டன் காலேஜ், நார்த்ஈஸ்டர்ன், பிராவிடன்ஸ், நியூ ஹாம்ப்ஷயர். பிறகு மெய்னும் லோவலும் அவர்களோடு சேர்ந்துகொண்டன. அவர்கள் விட்டுப்போனது இ.சி.ஏ.சி. எனப்படும் கிழக்குக் கல்லூரிகளின் விளையாட்டுக் கூட்டமைப்பு. போனவர்கள் பக்கம் கூட்டம் இருந்தது, செல்வாக்கு இருந்தது, பாஸ்டன் என்ற மாநகரமே இருந்தது. எஞ்சியவர்கள் என்ன ஆனார்கள் என்பதுதான் இந்த வாரக் கதை.

கூட்டமைப்புப் போட்டி எதற்கு என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். அமெரிக்கக் கல்லூரி அணிகள் பல கூட்டமைப்புகளாகப் பிரிந்து குளிர்காலம் முழுவதும் தங்களுக்குள் ஆடுகின்றன. மார்ச் மாதம் ஒவ்வொரு கூட்டமைப்பும் தனக்கென ஒரு நாக்அவுட் போட்டி நடத்தும். அதில் வென்ற அணிக்கு என்.சி.ஏ.ஏ. தேசியப் போட்டியில் நேரடி இடம். இப்போது தேசியப் போட்டியில் 16 அணிகள் ஆடுகின்றன. நேரடி இடம் போக மிச்சமுள்ளவை தரவரிசைப்படி நிரப்பப்படும். தேசியப் போட்டி 1948இல் தொடங்கியபோது நான்கே அணிகள்தான்: மேற்கிலிருந்து இரண்டு, கிழக்கிலிருந்து இரண்டு. அந்நாளில் கிழக்கு என்றால் ஏறக்குறைய இ.சி.ஏ.சி.தான். ஆகவே அதன் மார்ச் மாதப் போட்டியில் இறுதி ஆட்டத்துக்கு முன்பே தோற்பது, ஏறக்குறைய அந்த ஆண்டையே மூட்டை கட்டிவைப்பதற்குச் சமம்.

முதல் போட்டி 1962இல், 1910இல் கட்டப்பட்ட பாஸ்டன் அரீனாவில் நடந்தது. கோப்பையை வென்றது செயின்ட் லாரன்ஸ் பல்கலைக்கழகம். கனடா எல்லைக்கு அருகே கான்டன் என்ற சிற்றூரில் இருக்கும் சிறிய கல்விக்கூடம் அது. அங்கிருந்து பத்து மைல் தொலைவில் பாட்ஸ்டாம் என்ற இன்னொரு சிற்றூர், அங்கே கிளார்க்ஸன் பல்கலைக்கழகம். இவ்விரண்டும் மற்ற விளையாட்டுகளில் எல்லாம் மூன்றாம் பிரிவில் ஆடுபவை. ஐஸ் ஹாக்கியில் மட்டும் ஹார்வர்டோடும் பாஸ்டனோடும் முதல் பிரிவில் மோதுபவை. இந்த இரண்டு ஊர்களையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

சில ஆண்டுகளில் போட்டி பாஸ்டன் கார்டனுக்கு இடம் மாறியது. ரயில் நிலையத்துக்கு மேலே 1928இல் கட்டிய அந்த அரங்கத்தின் பனித்தளம், வழக்கமான அளவைவிட நீளத்திலும் அகலத்திலும் கொஞ்சம் குறைவு. இருநூறு அடிக்குப் பதில் 191 அடி நீளம். ஒன்பது அடி குறைந்தால் என்ன ஆகிவிடும் என்று தோன்றலாம். ஸ்கேட்ஸில் பாய்ந்து வரும் ஆட்டக்காரனுக்கு அது யோசிக்கக் கிடைக்கும் ஒரு நொடி. பக் எனப்படும் வட்டு மட்டைக்கு வந்ததும் எதிராளி மேலே விழுந்துவிடுவான். வேகமாக முடிவெடுப்பவர்களுக்கும் மோதத் தயங்காதவர்களுக்கும் ஏற்ற களம்.

அந்தக் களத்தை 1967 முதல் நான்கு ஆண்டுகள் ஆண்டது கார்னெல். இத்தாக்கா என்ற மலையூரில் இருக்கும் பல்கலைக்கழகம். பயிற்சியாளர் நெட் ஹார்க்னஸ், அதற்கு முன்பே 1954இல் ஆர்.பி.ஐ. பொறியியல் கல்லூரிக்குத் தேசியப் பட்டம் வாங்கித் தந்தவர். கோலில் நின்றவர் கென் டிரைடன், நெடுநெடுவென்று வளர்ந்த கனடாக்காரர். மூன்று பருவங்களில் 76 வெற்றி, 4 தோல்வி, ஒரு டிரா. மூன்று ஆண்டும் இ.சி.ஏ.சி. கோப்பை கார்னெலுக்கே. 1967இல் தேசியப் பட்டமும் சேர்ந்து வந்தது. டிரைடன் பிறகு மான்ட்ரியல் கனேடியன்ஸுக்காக ஆறு முறை ஸ்டான்லி கோப்பை வென்றார், வழக்கறிஞரானார், கனடாவின் மத்திய அமைச்சராகவும் இருந்தார். 2025 செப்டம்பரில் அவர் மறைந்தபோது வந்த அஞ்சலிகளில் மான்ட்ரியல்தான் பெரிதாக எழுதப்பட்டது. அந்த ஆட்டக்காரர் உருவானது கார்னெலின் லைனா ரிங்க்கில், கல்லூரிப் பிள்ளைகளின் கூச்சலுக்கு நடுவே என்பதை நான் இங்கே பதிவு செய்ய விரும்புகிறேன்.

அவர் பட்டம் வாங்கிப் போன மறு ஆண்டு கார்னெல் செய்ததை இன்றுவரை யாரும் மறுபடி செய்யவில்லை. 1969–70 பருவத்தில் ஆடிய 29 ஆட்டங்களிலும் வெற்றி. தோல்வி இல்லை, டிராவும் இல்லை. ஆனால் அது எத்தனை அருகில் வந்து தப்பியது என்பதை அந்த எண்ணிக்கை சொல்லாது. பாஸ்டன் கார்டனில் இ.சி.ஏ.சி. இறுதி ஆட்டம், எதிரே கிளார்க்ஸன். இரண்டுக்கு இரண்டு என்று சமநிலையில் கடிகாரம் இறங்கிக்கொண்டே வந்தது. கூடுதல் நேரம்தான் என்று எல்லோரும் தயாராகிவிட்ட வேளையில், பதினான்கே வினாடிகள் மிச்சமிருக்க, ஜான் ஹியூஸ் பக்கை வலைக்குள் அனுப்பினார். 3–2. அடுத்த வாரம் தேசிய இறுதியிலும் அதே கிளார்க்ஸன். அங்கே டான் லொட்போவா என்ற தடுப்பாட்டக்காரர் கடைசிப் பகுதியில் மட்டும் மூன்று கோல் அடித்தார். 6–4. அந்த இறுதி ஆட்டம் நடந்த ஊர் லேக் பிளாசிட், 1932 ஒலிம்பிக்ஸுக்காகக் கட்டிய பழைய அரங்கம்.

ஹார்க்னஸ் அந்தக் கையோடு டெட்ராய்ட் ரெட் விங்ஸுக்குப் பயிற்சியாளராகப் போய்விட்டார். கார்னெலின் ரசிகர்கள் போகவில்லை. எதிரணியின் பெயர்களை அறிவிக்கும்போது செய்தித்தாளை விரித்துவைத்துப் படிப்பதுபோல் பாவனை செய்வார்கள். கார்னெலில் வேளாண்மைக் கல்லூரி இருப்பதைக் குத்திக்காட்ட ஹார்வர்டு ரசிகர் ஒருவர் 1970களில் ஒரு கோழியைக் களத்துக்குள் வீசினார். அடுத்த முறை ஹார்வர்டு இத்தாக்காவுக்கு வந்தபோது மீன்கள் பறந்தன. ஹார்வர்டு கடலோரக் கல்லூரியாயிற்றே. அந்த மீன் வீச்சு இன்றும் தொடர்கிறது. ஆட்டம் தொடங்குமுன் ஊழியர்கள் கூடையும் மண்வாரியுமாக வந்து பனித்தளத்தைச் சுத்தம் செய்துவிட்டுப் போவார்கள்.

1970களின் நடுப்பகுதி பாஸ்டன் பல்கலைக்கழகத்துடையது. 1974 முதல் 1977 வரை தொடர்ந்து நான்கு கோப்பைகள், பயிற்சியாளர் ஜாக் பார்க்கர். நான்கிலும் ஆடிய ஒரு இளைஞர் பாஸ்டனை ஒட்டிய வின்த்ராப் ஊர்க்காரர், பெயர் மைக் எருஸியோன். 1980 பிப்ரவரி 22 அன்று லேக் பிளாசிட் ஒலிம்பிக் அரங்கில் சோவியத் அணிக்கு எதிராக வெற்றி கோலை அடித்தவர் அவர்தான். அந்த அமெரிக்க அணியில் பாஸ்டன் பல்கலைக்கழகப் பிள்ளைகள் நான்கு பேர் இருந்தார்கள். கோல் கீப்பர் ஜிம் கிரெய்க் அவர்களில் ஒருவர்.

சரி, இப்படிப்பட்ட லீக் ஏன் உடைந்தது?

லீக்கில் ஆறு ஐவி கல்லூரிகள் இருந்தன: ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன், கார்னெல், டார்ட்மத், பிரவுன். ஐவி விதிப்படி விளையாட்டுக்காக உதவித்தொகை கிடையாது. பருவம் தாமதமாகத் தொடங்கும், ஆட்டங்களின் எண்ணிக்கைக்கும் வரம்பு உண்டு. மற்றவர்களோ அதிக ஆட்டங்கள் ஆட விரும்பினார்கள். படிப்பு முதலா, ஆட்டம் முதலா என்ற சண்டை ஆண்டுக்கணக்கில் புகைந்தது. ஐவி கல்லூரிகள் தனி லீக் தொடங்கிப் போய்விடும் என்ற பேச்சு பலமாக அடிபட்டது. அவர்கள் போவதற்குள் நாம் போய்விடுவோம் என்று பாஸ்டன் பக்கத்துக் கல்லூரிகள் முந்திக்கொண்டன. அதற்கு முன்னின்றவர் பிராவிடன்ஸின் லூ லாமொரியெல்லோ. பின்னாளில் நியூ ஜெர்சி டெவில்ஸ் அணியை உருவாக்கிப் புகழ் பெற்ற அதே லாமொரியெல்லோ. புதிய லீக்கின் பெயர் ஹாக்கி ஈஸ்ட், கோப்பைக்கு இன்று அவர் பெயர்தான்.

கடைசியில் ஐவி கல்லூரிகள் எங்கும் போகவில்லை. வராத வெள்ளத்துக்கு அஞ்சி வீட்டைக் காலி செய்தது போலாயிற்று. இருந்தாலும் பிரிந்தவர்கள் மீது எனக்குக் கோபம் இல்லை. ஒரே கூரையின் கீழ் இரு வேறு நோக்கங்களோடு குடித்தனம் நடத்தியவர்கள் அவர்கள். என்றாவது ஒரு நாள் அது நடந்தே இருக்கும். எனக்கு வருத்தம் தருவது வேறு: எஞ்சிய லீக் இனி இரண்டாந்தரம்தான் என்று அன்றே தீர்ப்பு எழுதிவிட்டார்கள்.

தீர்ப்பு எவ்வளவு சீக்கிரம் பொய்த்தது பாருங்கள். 1984 மார்ச்சில், எல்லோரும் சேர்ந்து ஆடிய கடைசிப் போட்டியில், ஆர்.பி.ஐ. பாஸ்டன் பல்கலைக்கழகத்தை இறுதியில் வீழ்த்தியது. 1985இல் மறுபடியும் ஆர்.பி.ஐ. கோப்பை. அந்த அணியில் ஆடம் ஓட்ஸ் இருந்தார். எந்தத் தொழில்முறை அணியும் டிராஃப்டில் தேர்ந்தெடுக்காத அவர், பின்னாளில் ஹாக்கியின் புகழரங்கம் வரை போனார். அந்த மார்ச் மாதக் கடைசியில் டெட்ராய்ட்டில் தேசிய இறுதி ஆட்டம். ஒரு பக்கம் பழைய லீக்கின் சாம்பியன் ஆர்.பி.ஐ., மறுபக்கம் புதிய லீக்கின் முதல் சாம்பியன் பிராவிடன்ஸ். 2–1, வென்றது ஆர்.பி.ஐ.

களத்தில் வென்றாலும் அரங்கத்தில் தோற்றார்கள். பாஸ்டன் அணிகள் ஆடாத போட்டிக்குப் பாஸ்டன்காரர்கள் ஏன் டிக்கெட் வாங்கப்போகிறார்கள்? பதினாலாயிரம் இருக்கைகள் கொண்ட கார்டனில் வெற்றிடம் பெருகியது. 1992 வரை இழுத்துப் பார்த்தார்கள். 1993இல் மூட்டைகட்டிக்கொண்டு மலைக்குப் போனார்கள், லேக் பிளாசிட்டுக்கு.

அடிரான்டாக் மலைகளுக்கு நடுவே, இரண்டாயிரத்துச் சொச்சம் பேர் வசிக்கும் கிராமம் அது. பழைய 1932 அரங்கமும் 1980 அரங்கமும் ஒன்றையொன்று ஒட்டியே நிற்கின்றன. கார்னெல் தன் 29ஆவது வெற்றியைப் பெற்றது ஒன்றில், எருஸியோன் கோல் அடித்தது மற்றதில். இரண்டாவதற்கு 2005இல், அந்த 1980 அமெரிக்க அணியின் பயிற்சியாளர் ஹெர்ப் புரூக்ஸின் பெயர் சூட்டப்பட்டது. மார்ச் மாதத்திலும் அங்கே ஏரி உறைந்திருக்கும். தெற்கே பாஸ்டன் எட்டாத தூரம், ஆனால் கான்டனிலிருந்தும் பாட்ஸ்டாமிலிருந்தும் காரில் போய் ஆட்டம் பார்த்துவிட்டு அன்றிரவே வீடு திரும்பிவிடலாம். முதல் கோப்பையை வென்ற ஊரின் வாசலுக்கே போட்டி வந்துவிட்டது. லேக் பிளாசிட்டில் நடந்த முதல் ஆண்டே கோப்பை கிளார்க்ஸனுக்குப் போனதும் பொருத்தம்தான். இடம் மாறியதை அன்று பலர் வீழ்ச்சியாகப் பார்த்தார்கள். இந்தக் கோப்பை தன் சொந்த ஊருக்குப் போய்ச் சேர்ந்தது அப்போதுதான் என்பேன்.

அந்த ஊரின் அருமை நிர்வாகிகளுக்கு உடனே புரியவில்லை. 2003இல் போட்டியை ஆல்பனி நகரத்துக்குக் கொண்டுபோனார்கள். 2005இல் வெர்மாண்ட்டும் விலகி ஹாக்கி ஈஸ்ட்டுக்குப் போனது, அந்த இடத்துக்குக் குவினிபியாக் வந்தது.

அந்த ஆண்டுகளில் நடந்த மிகப் பெரிய ஆட்டம் ஆல்பனி அரங்கத்தில் நடக்கவே இல்லை. அது ஒரு முதல் சுற்று ஆட்டம். 2006 மார்ச் 4, சனிக்கிழமை இரவு, ஸ்கெனெக்டடி நகரில் யூனியன் கல்லூரியின் சின்னஞ்சிறு ரிங்க். எதிரணி யேல். இருபது நிமிடப் பகுதிகள் மூன்று முடிந்தபோது 2–2. நாக்அவுட் ஆட்டத்தில் டிரா இல்லை. இன்னொரு இருபது நிமிடம் ஆட வேண்டும், முதலில் கோல் அடிப்பவர் வெற்றி. யாரும் அடிக்கவில்லை. ஜம்போனி வண்டி வந்து பனியை மெழுகிவிட்டுப் போனது. மறுபடி இருபது நிமிடம், மறுபடி வண்டி. கோல் கீப்பரின் கவசம் வியர்வையில் ஊறி ஊறிக் கனக்கும் நேரம் அது. கால்கள் மரத்துப்போய், அடிக்கும் பக்கில் வேகம் குறைந்து, ஒரு சின்னத் தவறு போதும் என்று இரு பக்கமும் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஆடும் நேரம். மூன்றாவது கூடுதல் பகுதியும் நான்காவதும் கோல் இன்றி முடிந்தன.

ஐந்தாவது தொடங்கும்போது நள்ளிரவு தாண்டிவிட்டது. யேல் ஆட்டக்காரர் ஒருவர் தண்டனைப் பெட்டியில் இருந்தார். ஐந்து பேருக்கு எதிராக நான்கு பேர். அந்த நிலையில் எந்தப் பயிற்சியாளரும் சொல்லித்தருவது பக்கைத் தூர அடித்துவிட்டு இரண்டு நிமிடத்தை ஓட்டு என்பதுதான். கோல் அடிக்கப் போவது ஆள் அதிகமுள்ள யூனியன்தான் என்று அரங்கமே எதிர்பார்த்தது. அந்த நொடியில் ஆள் குறைந்த யேலின் டேவிட் மெக்லர் கோல் அடித்தார். மொத்தம் 141 நிமிடம் 35 வினாடி. ஒரு சாதாரண ஆட்டத்தைப்போல் இரண்டேகால் மடங்குக்கும் மேல். கல்லூரி ஹாக்கியில் அதுவரை நடந்ததிலேயே நீண்ட ஆட்டம். ஒன்பது ஆண்டு கழித்து மாசசூசெட்ஸும் நோட்டர் டேமும் 151 நிமிடம் 42 வினாடி ஆடி அதை முறியடித்தன. அதுவும் ஹாக்கி ஈஸ்ட் போட்டியின் தொடக்கச் சுற்றில்தான் நடந்தது.

2011இல் போட்டி இன்னும் தெற்கே, சூதாட்ட விடுதிகள் நிறைந்த அட்லான்டிக் சிட்டி கடற்கரைக்குப் போனது. அது தவறான முடிவு. மலையூர்க் கல்லூரிகளின் ரசிகர்கள் அவ்வளவு தூரம் வரவில்லை, உள்ளூர்க்காரர்களுக்கு இந்த அணிகள் யாரென்றே தெரியாது. பெரிய மண்டபம், காலி இருக்கைகள், மூன்று ஆண்டுகள்.

ஆனால் அந்தக் காலி மண்டபத்தில்தான் 2013இல் விசித்திரமான ஒரு கதை தொடங்கியது. யேல் அரையிறுதியில் யூனியனிடம் 5–0 என்று தோற்றது. மூன்றாம் இடத்துக்கான ஆட்டத்தில் குவினிபியாக்கிடம் 3–0. இரண்டு நாளில் எட்டு கோல் வாங்கி, ஒன்றுகூட அடிக்காமல் ஊர் திரும்பிய அணி அது. வேறு கூட்டமைப்புகளின் முடிவுகள் சாதகமாக அமைந்ததால் மட்டும் தேசியப் போட்டியில் இடம் கிடைத்தது, அதுவும் கடைசியாக. அங்கே முதல் எதிரி மினசோட்டா. கூடுதல் நேரம் தொடங்கிய ஒன்பதாவது வினாடியில் ஜெஸ்ஸி ரூட்டின் கோல், யேல் வெற்றி. பிறகு நார்த் டகோட்டா. அரையிறுதியில் லோவல், அந்த ஆண்டின் ஹாக்கி ஈஸ்ட் சாம்பியன். அவர்களையும் கூடுதல் நேரத்தில் வென்றார்கள். பிட்ஸ்பர்க்கில் இறுதி ஆட்டம், எதிரே வந்து நின்றது அதே குவினிபியாக். அந்தப் பருவத்தில் யேலை மூன்று முறை தோற்கடித்த அணி. இந்த முறை யேல் 4–0. விளையாட்டு உதவித்தொகை தராத, 1890களிலிருந்து ஹாக்கி ஆடும் யேலுக்கு அதுதான் முதல் தேசியப் பட்டம். இரண்டாந்தரம் என்று எழுதப்பட்ட லீக்கின் இரண்டு அணிகளே தேசிய இறுதியில் மோதின.

மறு ஆண்டு போட்டி லேக் பிளாசிட்டுக்கே திரும்பியது. வென்றது யூனியன், தொடர்ந்து மூன்றாவது முறையாக. இரண்டாயிரத்துச் சொச்சம் மாணவர்கள் படிக்கும் கல்லூரி, அன்று அங்கும் விளையாட்டு உதவித்தொகை இல்லை. ஏப்ரலில் பிலடெல்பியாவில் நடந்த தேசிய இறுதியில் மினசோட்டாவை 7–4 என்று வீழ்த்தியது. தடுப்பாட்டக்காரர் ஷேன் காஸ்டிஸ்பேர் ஒரு கோல் அடித்தார், இரண்டுக்கு உதவினார். எட்டு ஆண்டுகளுக்கு முன் நள்ளிரவில் தன் சொந்த ரிங்க்கில் தோற்ற கல்லூரிதான் அது.

கொரோனா காலத்தை வேகமாகத் தாண்டிவிடலாம், இரண்டு சோகங்களைத் தவிர. 2020 மார்ச்சில் கார்னெல் நாட்டின் முதலிடத்தில் இருந்தபோது போட்டியே ரத்தானது. அடுத்த பருவத்தில் ஐவி கல்லூரிகள் ஆறும் ஆர்.பி.ஐ.யும் யூனியனும் ஆடவில்லை. நான்கே அணிகள். செயின்ட் லாரன்ஸ் கூடுதல் நேரத்தில் குவினிபியாக்கை வென்று கோப்பையைத் தூக்கியது. மறுநாளே பயிற்சியாளருக்குத் தொற்று உறுதியாயிற்று. தேசியப் போட்டிக்கான இடத்தை விட்டுக்கொடுக்க வேண்டியதாயிற்று. தோற்ற குவினிபியாக் அங்கே போனது. பிள்ளைகள் செய்த குற்றம் ஏதுமில்லை.

இப்போது 12 அணிகளும் போட்டியில் ஆடுகின்றன. முதல் நான்கு இடத்தவர்க்கு முதல் சுற்றில் ஓய்வு. கோப்பைக்கு முன்னாள் ஆணையர் ஸ்காட்டி வைட்லாவின் பெயர். அதை அதிகம் வென்றது கார்னெல். 2025 மார்ச்சில் லேக் பிளாசிட் இறுதியில் கிளார்க்ஸனை வென்றபோது அது அவர்களுக்குப் பதினான்காவது. பயிற்சியாளர் மைக் ஷேஃபருக்கு அது கடைசிப் பருவம். 1986இல் கார்னெல் பாஸ்டன் கார்டனில் கோப்பை வென்றபோது அணித் தலைவராக இருந்தவர் அவர். 1995இல் பயிற்சியாளராகி முப்பது ஆண்டுகள் அதே கல்லூரியிலேயே இருந்தார். கோப்பையோடு தேசியப் போட்டிக்குப் போய், முதல் ஆட்டத்திலேயே மிச்சிகன் ஸ்டேட்டை வெளியேற்றினார். அடுத்த ஆட்டம் கூடுதல் நேரத்துக்குப் போனது, 3–2 என்று தோல்வி. அவருடைய கடைசி ஆட்டத்தில் எதிரே ஆடியது 1983இல் விலகிப்போன பாஸ்டன் பல்கலைக்கழகம்.

விலகிப்போனவர்கள் பாஸ்டனில் என்ன கட்டினார்கள் என்பது அடுத்த வாரம்.

(தொடரும்)